இடுப்பில்லாத குளவி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயம் என்பது மருந்துக்கும் கிடையாது என்று அவரோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். உயரமான கட்டடங்களில், கிணறு மாதிரி இருட்டிக் கிடக்கும் குழிக்குள், கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, டார்ச்சைப் பல்லால் கவ்வியபடி இரும்புக் கயிற்றைத் தட்டிப் பார்க்கிற மனிதர். "கீழ பாத்தா தலை சுத்தாதா?" என்று யாராவது கேட்டால், "கீழ எதுக்குப் பாக்கணும்? வேலை மேலதானே இருக்கு" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு குளவி ஆட்டி வைத்துவிட்டது. கொட்டியது அவரை இல்லை, அவருடைய மகளை.

போன கோடையில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். டம்ளர் விளிம்பில் இருந்த குளவியை அவள் கவனிக்கவில்லை. கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. முதலில் ஊரைக் கூட்டி அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது. அப்புறம்தான் பெரியவர்கள் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். உதடு தடித்தது, கண் இடுங்கியது, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அப்பாவின் மடியில் ஈரத்துணியாகத் துவண்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்டாள். அவள் மறந்துவிட்டாள். அவரால்தான் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு வீட்டு ஜன்னல்கள் திறக்கப்படவே இல்லை. பேனா மாதிரி இருக்கும் அவசர ஊசி ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று வீட்டில், ஒன்று அவருடைய ஸ்பேனர் பையில். அதைத் தொடையில் அழுத்திப் பிடிப்பது எப்படி என்று பாடம் நடத்தி நடத்தி அக்கம்பக்கத்துக்காரர்கள் அவரைக் கண்டாலே மாடிப்படி ஏறி ஓட ஆரம்பித்தார்கள். அவர் மனைவி பஸ் டிரைவர். நாளெல்லாம் நெரிசலில் ஓட்டிவிட்டு வந்து, மூடிய வீட்டுக்குள் விசிறிக்கொண்டே கேட்பாள்: "இது வீடா, இல்ல மூடி போட்ட டப்பாவா?"

"உனக்கு விளையாட்டா இருக்கா?"

"இல்லங்க. அதான் டாக்டர் ஒரு வழி சொன்னாங்களே. அதுக்கு நீங்க காது குடுக்கல."

ஒவ்வாமை டாக்டரம்மா சொன்ன வழி இது: அதே குளவி விஷத்தைத் துளியிலும் துளியாக ஊசியில் ஏற்றுவது, நாள்போக்கில் அளவைக் கூட்டுவது, உடம்பு பழகிக்கொள்ளும், அப்புறம் கொட்டினாலும் உயிருக்கு மோசம் வராது. அவர் அந்தப் பேச்சைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "எந்த விஷத்துல என் புள்ள போகப் பாத்துதோ, அதையே ஏத்துங்கன்னு நானே கையெழுத்துப் போடணுமா? என் கை முறிஞ்சாலும் போடமாட்டேன்."

அதே கட்டடத்தின் கடைசி மாடியில் அவருடைய அக்கா இருந்தாள். தையல்காரி. பேன்ட்டுக்கு நீளம் குறைப்பாள், திரைச்சீலை தைப்பாள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இடுப்புப் பிடிக்காத கவுனைக் கொண்டுவந்து அழுகிற மணப்பெண்களைத் தேற்றுவாள். பள்ளிக்கூடம் விட்டால் சிட்டு நேராக அத்தை வீட்டுக்குத்தான் போவாள். அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வரும்வரை அங்கே துண்டுத்துணி வெட்டிக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு இருந்த ஒரே சபலம் மொட்டை மாடித் தோட்டம். உடைந்த வாளி, பழைய தொட்டி, பெயின்ட் டப்பா என்று கிடைத்ததிலெல்லாம் மண் போட்டு வைத்திருந்தாள். அந்த வருஷம் கொத்தமல்லியையும் சோம்பையும் பறிக்காமல் விட்டதில் அவை இடுப்பளவு வளர்ந்து, வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளின. பூக்கள்மேல் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட உடம்பு, பளபளவென்று இறக்கை.

தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போன மெக்கானிக் அதைப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"அக்கா! என்ன இது? குளவிக்கூட்டத்தையே வளக்கறியா?"

"அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. இத்தனை நாள்ல ஒண்ணுகூட என்னக் கொட்டலடா."

"உன்னக் கொட்டினா வீங்கும், அவ்வளவுதான். அவளக் கொட்டினா? இன்னிக்கே எல்லாத்தையும் வெட்டிப் போடு."

"விதை முத்தட்டும். பத்து நாள் பொறுத்துக்கோ. கதவப் பூட்டி வைக்கிறேன்."

"எம்பொண்ணவிட உனக்குக் கொத்தமல்லி பெருசாப் போச்சு, இல்ல?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று அவருக்கே தெரிந்தது. போன கோடையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சோறு தண்ணியில்லாமல் கிடந்தவள் அந்த அக்கா. அவள் விறுவிறுவென்று கீழே போனாள். தையல் கத்தரிக்கோலையே எடுத்துவந்து, பூவும் பிஞ்சுமாக நின்ற சோம்பை அடியோடு வெட்டிப் பையில் அமுக்கினாள். கொத்தமல்லிக்கு வரும்போது கை ஓடவில்லை போல. பாதியில் விட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. நடுவில் சிட்டுதான் தபால்காரி.

"அத்தை, என் தண்ணி பாட்டில் எங்கன்னு அப்பா கேக்கறாங்க."

"உங்கப்பன் கண்ணுக்கு முன்னாடி மேசைமேல இருக்குன்னு சொல்லு."

"அப்பா, அத்தை உங்களுக்குக் கண்ணு இருக்கான்னு கேக்கறாங்க."

தபாலில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அதில் அவளுக்கு ஒரு குஷி.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது. ஒரு அலுவலகத்தில் நினைத்ததைவிடச் சீக்கிரம் வேலை முடிந்ததால் மெக்கானிக் மத்தியானமே வீடு திரும்பினார். அன்று அரை நாள்தான் பள்ளிக்கூடம் என்பதால் மகளைக் கூட்டிப் போகலாம் என்று அக்கா வீட்டு வாசலில் நின்றார். உள்ளே முக்காலிமேல் ஒரு மணப்பெண் சிலை மாதிரி நின்றிருந்தாள். அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவள் கவுனின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். துண்டுத்துணிகள் தரையில் கிடந்தன. சிட்டு இல்லை.

அவர் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். மொட்டை மாடிச் சாவி அங்கே தொங்கவில்லை.

படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்கு நினைவில்லை. கதவு திறந்து கிடந்தது. வெயிலில் கண் கூசியது. மிச்சமிருந்த கொத்தமல்லிப் பூக்களுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள். அவளைச் சுற்றிலும் மஞ்சளும் கறுப்பும். முழங்கைக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, நெற்றிக்கு எதிரே அந்தரத்தில் ஒன்று.

"சிட்டூ!"

அது அவர் குரல் மாதிரியே இல்லை. குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். வாய் கோண, முகம் வெளிற, தொட்டிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வருகிற அப்பாவைப் பார்த்தாள். வீறிட்டாள். கையை உதறினாள். வாளியோடு சாய்ந்தாள்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார். தோளில் தொங்கிய ஸ்பேனர் பையிலிருந்து அவசர ஊசியை உருவினார். ஓராண்டாக ஊரெல்லாம் பாடம் நடத்திய கை நடுங்கவில்லை. மூடியைப் பிடுங்கி, அவள் தொடையில் வைத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். சிட்டு இன்னும் பெரிதாக அலறினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா கதவில் நின்றாள். குண்டூசிகள் இன்னும் வாயிலேயே இருந்தன. அவற்றைக் கையில் துப்பிவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போனை எடுத்து ஆம்புலன்ஸையும், பிறகு தம்பி மனைவியையும் கூப்பிட்டாள்.

என்ன கொட்டியது என்று காட்டினால் டாக்டருக்கு உதவும் என்று யாரோ சொன்னது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மகளின் சட்டை மடிப்பில் சிக்கியிருந்த ஒன்றை, வாளிக்குப் பக்கத்தில் கிடந்த அவளுடைய தின்பண்ட டப்பாவுக்குள் தள்ளி மூடினார். உள்ளே அது ஙொய்யென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே அவருக்கு உடம்பு கூசியது.

ஆம்புலன்ஸில் அக்கா குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டுவின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கைவிரல் நடுங்கியது. தம்பியும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடிக்கிறதா, தடிக்கிறதா என்று.

ஆஸ்பத்திரியில் அதே ஒவ்வாமை டாக்டரம்மா இருந்தார். சிட்டுவை மறந்திருக்கவில்லை. மூச்சைக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு உண்டா என்று பார்த்தார். கை இரண்டையும் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடையில் ஊசி குத்திய புள்ளியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"எங்க கொட்டுச்சுன்னு காட்டு கண்ணு."

"யாரும் கொட்டல."

"அப்ப ஏன் அழுத?"

"அப்பா கத்துனாங்க. அதான் நானும் கத்துனேன்." குழந்தை யோசித்துப் பார்த்துச் சேர்த்தாள்: "அது கொட்டல. நக்குச்சு. கூச்சமா இருந்துச்சு."

டாக்டரம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. "எதையாவது பிடிச்சுட்டு வந்தீங்களா சார்?"

மெக்கானிக் டப்பாவை நீட்டினார். வெடிகுண்டை நீட்டுவதுபோல் முழுக் கையையும் நீட்டி நீட்டினார். டப்பா கண்ணாடி மாதிரித் தெளிவானது. டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மூடியைப் பட்டென்று திறந்தார்.

"ஐயோ டாக்டர்!"

"பயப்படாதீங்க. இது குளவியே இல்ல. ஈ."

"ஈயா?"

"பூ ஈ. குளவி மாதிரி சட்டை போட்டுக்கிட்டுத் திரியும். அந்த வேஷத்தப் பாத்துக் குருவி, பல்லியெல்லாம் நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுடும். இதுக்குக் கொடுக்கே கிடையாது. கொட்டணும்னு நினைச்சாலும் கொட்ட முடியாது." அவர் விரல்மேல் அது ஏறி உட்கார்ந்து முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. சமையலறை ஈ செய்கிற அதே வேலை. "வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி டப்பாவோட வருவாங்க. பக்கத்துல வந்து பாருங்க. தலை முழுக்கக் கண்ணு. மீசை இருக்கறதே தெரியல, குளவிக்குன்னா நீளமா இருக்கும். ரெக்கை ஒரே ஒரு ஜோடி, குளவிக்கு ரெண்டு ஜோடி. அப்புறம் முக்கியமா, இதுக்கு இடுப்பே இல்ல. குளவிக்கு இடுப்பு நூல் மாதிரி இருக்கும்."

அக்கா குனிந்து பார்த்தாள். நாற்பது வருஷமாக இடுப்பளவு எடுக்கிறவள். "ஆமா," என்றாள். "மார்லேர்ந்து கீழ வரைக்கும் ஒரே நேரா இறங்குது. இத நான் எப்படிப் பாக்காம விட்டேன்?"

மெக்கானிக் ஈயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. அப்போதுதான் டிரைவர் சீருடையில், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, அவர் மனைவி மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள். தரையில் உட்கார்ந்து குலுங்குகிற புருஷனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"அண்ணி! என்ன ஆச்சு? சொல்லுங்க அண்ணி!"

"ஒண்ணும் ஆகல தாயி. ஈ. வெறும் ஈ."

"ஈயா? நான் பஸ்ஸ டிப்போ வரைக்கும் எந்தச் சாமியக் கும்பிட்டுட்டு ஓட்டினேன்னு எனக்கே தெரியல. ஒரு பாவப்பட்ட மனுஷன் இறங்க வேண்டிய ஸ்டாப்ல நிறுத்தாமக்கூட வந்துட்டேன். ஈக்காகவா?" என்றவள் மகளை வாரி எடுத்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, அவளும் புருஷன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நான் தேவையில்லாம ஊசி போட்டுட்டேன்," என்றார் அவர். "குழந்தை நெஞ்சு எப்படி அடிச்சுது தெரியுமா? என்னாலதான்."

டாக்டரம்மா மறுத்துத் தலையாட்டினார். "அத மட்டும் சொல்லாதீங்க. சந்தேகம் வந்தா போட்டுடறதுதான் சரி. படபடப்பு கொஞ்ச நேரத்துல அடங்கிடும், சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு அனுப்பிடறேன். நிஜக் குளவியா இருந்திருந்தா இன்னிக்கு நீங்கதான் அவள காப்பாத்தியிருப்பீங்க. உங்க கை சரியா வேலை செஞ்சிருக்கு சார்."

ஓராண்டாக அவர் மனதில் கிடந்த ஒரு கேள்விக்கு யாரும் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. அந்த நேரம் வந்தால் நான் உறைந்து நின்றுவிடுவேனோ என்பதுதான் அந்தக் கேள்வி. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சிட்டு படுக்கையில் தூங்கிப்போனாள். வெளியே வராந்தா பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். தபால்காரி இல்லாததால் நேரடியாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா."

"ம்."

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில வந்தது. மனசுல இருந்து வரல."

"தெரியும்டா. பயந்தவன் வாயிக்கு நான் பதில் சொல்லிட்டிருந்தா விடிஞ்சிடும்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் தப்பு இருக்கு. நானும் குளவின்னுதான் நினைச்சேன். கொட்டலயேன்னு மெத்தனமா இருந்துட்டேன். நிஜமாவே குளவியா இருந்திருந்தா? சாவிய ஆணியில மாட்டினதும் என் தப்புதான். அவ ஸ்டூல் போட்டு எடுப்பான்னு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு அக்காவே தொடர்ந்தாள்.

"போன வருஷம் மாடியில ஸ்ட்ராபெரிப் பூ ஒவ்வொண்ணுலயும் நான் பெயின்ட் பிரஷ்ஷ வச்சுத் தடவினேன், ஞாபகமிருக்கா? தேனீ வரலன்னுட்டு. அப்பவும் பாதி பழம் கோணல்மாணலா வந்துச்சு. இந்த வருஷம் பிரஷ்ஷத் தொடவே இல்ல. குண்டு குண்டா காய்ச்சிருக்கு. என் கைராசின்னு நினைச்சுட்டிருந்தேன்."

அந்தப் பக்கமாக வந்த டாக்டரம்மா காதில் அது விழுந்தது. "கைராசி இல்லம்மா, ஈராசி. பூவுக்குப் பூ மகரந்தத்த ஒட்டிக்கிட்டுப் போறதுல தேனீக்கு அடுத்தபடி இவங்கதான்."

"கூலி குடுக்காம வேலை வாங்கிட்டு, குடியிருந்த சோம்பையும் வெட்டிப் போட்டுட்டோம்," என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா கிளம்பப் போனார். மெக்கானிக் எழுந்து நின்றார்.

"டாக்டர், போன வருஷம் ஒரு ஊசி சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அத ஆரம்பிச்சுடலாம். இன்னிக்கு ஈ. என்னிக்காவது நிஜமாவே வரும். அவ வாளிமேல உக்காந்து வேடிக்கை பாக்கற பொண்ணு. டப்பாக்குள்ள போட்டு மூட முடியாது." அவர் மகள் தூங்குகிற அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு அவ கத்தினது பூச்சியப் பாத்து இல்ல டாக்டர். என்னப் பாத்து."

உள்ளேயிருந்து மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்திருக்கும். அதை முழுங்கிவிட்டு, வந்து அவர் பக்கத்தில் தோள் உரச நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அவர் மகளோடு மொட்டை மாடிக்குப் போனார். ஈக்கூட்டத்தில் ஒன்று பூவுக்கு முன்னால் இறக்கை அடிப்பதே தெரியாமல் அந்தரத்தில் நின்றது. இம்மியும் அசையவில்லை. சட்டென்று ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்து, அங்கேயும் அப்படியே நின்றது. மெக்கானிக் வாயைப் பிளந்தார். கயிறு இல்லை, தண்டவாளம் இல்லை, பிரேக் இல்லை. "எங்க கம்பெனிக்காரன் இதப் பாத்தா வேலைய விட்டுடுவான்," என்றார். சிட்டுவுக்கு அது புரியவில்லை, ஆனாலும் அப்பா சிரித்ததால் சிரித்தாள். நிஜக் குளவிக்கும் பூ ஈக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எதுவாக இருந்தாலும் கையால் பிடிக்கக் கூடாது, பெரியவர்கள் இல்லாமல் மேலே வரக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். புது அவசர ஊசி ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த மாதம், முதல் ஊசிக்குப் போனார்கள். துளியிலும் துளி. அவர் கையெழுத்துப் போட்டார், கை முறியவில்லை. ஊசி போட்டபின் அங்கேயே உட்காரவைத்துப் பார்ப்பார்கள். சிட்டு காலை ஆட்டிக்கொண்டு, எதிரே இருந்த ஒரு தாத்தாவிடம் குளவிக்கு இடுப்பு உண்டு, ஈக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் வாயைப் பொத்த, தாத்தா வயிறு குலுங்கச் சிரித்தார். நர்ஸ் இரண்டு தரம் வந்து பார்த்தாள். கையில் ஊசி போட்ட இடம் கொசு கடித்த அளவுக்குச் சிவந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. போகலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு வழக்கமான குரல் வந்தது.

"நல்லது. வர்ற வழியில சோம்பு விதையும் ஒரு மூட்டை மண்ணும் வாங்கிட்டு வா. பெரிய மூட்டை."

"சரிக்கா."

"இன்னொண்ணு. நம்ம லிஃப்ட் காலையிலேர்ந்து ஓடல. ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவன் வீட்டு லட்சணம் இதுதான். முதல்ல அதச் சரி பண்றியா, இல்ல மூட்டையத் தோள்ல தூக்கிட்டு ஏறப் போறியா, உன் இஷ்டம்."

அவர் சிரித்துக்கொண்டே போனை மனைவியிடம் கொடுத்தார். பஸ் வந்தது. சிட்டு முந்திக்கொண்டு ஏறி ஜன்னலோர இடத்தைப் பிடித்தாள். கண்ணாடியைத் திறக்கட்டுமா என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் எட்டி, இறுகிக் கிடந்த கண்ணாடியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.